ராயபுரமா, தனியாரா? கொடுங்கையூர்த் தங்கைக்கு

கேள்வி:

டாக்டரம்மா, எனக்கு 24 வயது. கொடுங்கையூரில் இருக்கிறோம். முதல் குழந்தை, இப்போதுதான் ஐந்தாம் மாதம் தொடங்கியிருக்கிறது. நாள் கார்த்திகையில் குறித்திருக்கிறார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் ஹார்பருக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் ராத்திரி வீட்டில் இருக்கமாட்டார். கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில்தான் காட்டுகிறேன். காலையிலேயே போய் உட்கார்ந்தாலும் வெளியே வர மதியம் ஆகிவிடுகிறது, அரை நாள் சம்பளம் போச்சு. டாக்டர் பார்ப்பது இரண்டு நிமிடம். போன தடவை ரத்தம் 8.6தான் இருக்கிறது என்று சொல்லி, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா இல்லையா என்று எல்லார் எதிரிலும் திட்டினார்கள், அழுதுகொண்டே வந்தேன். என் நாத்தனார் நர்ஸ் வேலைக்கு லண்டன் போனவர், அவரும் இப்போது முழுகாமல் இருக்கிறார். அவருக்கென்று ஒரு நர்ஸம்மா இருக்கிறாராம், எப்போது போன் போட்டாலும் பேசுவாராம். என் வீட்டுக்காரர் பெரம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் பேசிவிட்டு வந்திருக்கிறார், 1 லட்சம் ஆகுமாம், வட்டிக்கு வாங்கிவிடலாம் என்கிறார். மாமியார், நாங்க எல்லாரும் ராயபுரத்துல பெத்தவங்கதான் என்கிறார். ஏழைக்கு இவ்வளவுதான் வைத்தியமா? கடன் வாங்கட்டுமா?

பதில்:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இதைப் படிப்பதற்குள் உங்கள் வீட்டுக்காரர் கடன் பேசி முடித்துவிடக் கூடாது. வட்டிக்கு வாங்காதீர்கள்.

அந்த 1 லட்சத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் தனி அறை, காத்திருக்காமல் டாக்டரைப் பார்ப்பது, குரல் உயர்த்தாத நர்ஸ், அடிக்கடி ஸ்கேன். இவையெல்லாம் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. மரியாதையாக நடத்தப்பட வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது, அதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்லப் போகிறேன். ஆனால் உங்கள் உயிரையும் குழந்தை உயிரையும் காக்கப் போவது வேறு சில விஷயங்கள். பிரசவத்துக்குள் உங்கள் ரத்த அளவு ஏற வேண்டும். போகும் ஒவ்வொரு தடவையும் பிரஷர் பார்க்க வேண்டும். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால், ரத்தமும் மயக்க மருந்து டாக்டரும் தியேட்டரும் நீங்கள் படுத்திருக்கும் இடத்திலேயே தயாராக இருக்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் இதெல்லாம் 24 மணி நேரமும் ஒரே இடத்தில் இருக்கிறது, உங்கள் மாமியார் சொன்ன ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில். சின்ன நர்சிங் ஹோமில் சிக்கல் என்றால் அங்கிருந்து உங்களை ஏற்றி அனுப்புவதும் ராயபுரத்துக்கோ எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிக்கோதான், அதுவும் நேரம் போன பிறகு.

உங்கள் நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் மாதாமாதம் ஸ்கேன் எடுப்பார்கள் என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். அங்கே அரசு மருத்துவத்தில், சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு வழக்கமாகத் தருவது இரண்டே ஸ்கேன், ஒன்று மூன்றாம் மாத வாக்கில், இன்னொன்று ஐந்தாம் மாத வாக்கில். முதல் குழந்தை என்றால் சுமார் பத்து தடவை பார்ப்பார்கள். அதாவது எண்ணிக்கையில் உங்களுக்கும் அவருக்கும் நீங்கள் நினைக்கிற அளவு வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் நீங்களே எழுதியதில்தான் இருக்கிறது, போன் போட்டால் பேச ஒரு ஆள். தன் பெயரையும் தன் ரிப்போர்ட்டையும் தெரிந்த ஒரு மருத்துவிச்சி, சந்தேகம் கேட்டால் எரிந்து விழாத ஒருத்தர். அதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டியதில்லை, போதுமான ஆட்களைப் போட்டு அவர்களை நிதானமாக வேலை செய்ய விட்டால் போதும். நம்மிடம் அது குறைவு, அந்தக் குறை உங்கள் தலையில் விடிகிறது.

ஏழைக்கு இவ்வளவுதானா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியை நான் கடந்துபோக மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்துக்கு ஒருத்தர். இதில் 100-க்கு 92 சாவு ஏழை நாடுகளிலும் அதற்கு அடுத்த படியில் இருக்கும் நாடுகளிலும். பெரும்பாலும் எதனால் சாகிறார்கள் தெரியுமா? பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு, பிரஷர் ஏறி வரும் ஜன்னி என்கிற வலிப்பு, கிருமித் தொற்று, பாதுகாப்பில்லாத கருக்கலைப்பு. எல்லாவற்றுக்கும் வைத்தியம் தெரியும், பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஜன்னி வராமல் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி விலை மலிவு, 2002-ல் வெளியான பெரிய ஆய்வு அது ஜன்னி வரும் ஆபத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டியது. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசினும் அப்படித்தான், அதற்கு வேண்டியது ஓடுகிற ஒரு ஃபிரிட்ஜ். மருந்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் இவ்வளவு பேரைக் கொல்கிறது.

நம் நாட்டுக்குள்ளேயே பாருங்கள். 2018-20 கணக்கெடுப்பில், 1 லட்சம் உயிருள்ள பிறப்புக்கு எத்தனை தாய்மார் இறந்தார்கள் என்று பார்த்தால் அசாமில் 195, நாட்டின் சராசரி 97, தமிழ்நாட்டில் 54, கேரளாவில் 19. ஒரே நாடு, ஒரே மருந்து. பக்கத்து நாடான இலங்கை பெரிய பணக்கார நாடு ஒன்றும் இல்லை, ஆனால் ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகளை வைத்து, இலவச மருத்துவம் கொடுத்து, அவர்கள் தாய்மார் சாவை நம் நாட்டின் சராசரியைவிட வெகுவாகக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே இதை விதி என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

தமிழ்நாட்டில் குறைந்தது தானாகக் குறையவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்ஸ்களைப் போட்டு 24 மணி நேரமும் திறந்து வைத்தது, மருந்து வாங்க அரசே தனிக் கழகம் வைத்தது, பெரிய ஆஸ்பத்திரிகளில் சீமாங் மையம் என்று ராப்பகலாக ஆபரேஷன் செய்கிற பிரிவுகளைத் தொடங்கியது, ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள், யார் எங்கே தாமதித்தார்கள் என்று ஒவ்வொரு சாவையும் விசாரிப்பது, இத்தனையும் சேர்ந்துதான் அந்த எண்ணைக் கீழே இறக்கியது. நீங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த பெஞ்சு இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. அதைப் பிச்சையாக நினைக்காதீர்கள், உங்கள் மாமியார் காலத்திலிருந்து இந்த ஊர்ப் பெண்கள் வந்து வந்துதான் அது நிலைத்திருக்கிறது.

சரி, திட்டினார்களே, அது? அது தப்பு. வேலைச் சுமை அதிகம், ஒரு நர்ஸ் இத்தனை பேரைப் பார்க்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும், நானும் அந்தப் பக்கம் நின்றவள்தான். ஆனாலும் தப்பு. இதை நான் மரியாதைக் குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, மருத்துவக் காரணம் இருக்கிறது. திட்டு வாங்கிய பெண் அடுத்த தடவை வரமாட்டாள், வந்தாலும் மாத்திரை போட்டேன் என்று பொய் சொல்வாள், தலைவலிக்கிறது என்று சொல்ல வாய் எடுத்து, இவளிடம் எதற்கு என்று மூடிக்கொள்வாள். அந்த மூடிக்கொண்ட வாய் ஆளைக் கொல்லும். பணக்கார நாட்டிலும் இதே கதை உண்டு. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பிரசவத்தை ஒட்டி இறப்பது வெள்ளைக்காரப் பெண்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு, பிரிட்டனிலும் இரண்டு மடங்குக்கு மேல். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2017-ல் ஆபரேஷனில் குழந்தை பிறந்த மறுநாள் மூச்சு முட்டியது. நுரையீரலில் ரத்தக்கட்டி வந்திருக்கிறது, எனக்கு முன்பும் வந்தது, ஸ்கேன் எடுங்கள் என்று அவரே சொல்லியும் உடனே யாரும் நம்பவில்லை, வற்புறுத்திய பிறகுதான் எடுத்தார்கள், அவர் சொன்னதே சரியாக இருந்தது. உலகமே அறிந்த, பணத்துக்குக் குறையில்லாத ஒருத்தருக்கே அப்படி. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், என்னவோ சரியில்லை என்று உங்களுக்குப் பட்டால் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், திட்டினாலும் சொல்லுங்கள், முதல் ஆள் கேட்கவில்லை என்றால் அடுத்த ஆளிடம் சொல்லுங்கள். கூச்சப்படுகிற நேரம் இதில்லை. யாராவது கேவலமாக நடத்தினாலோ, இலவசமான எதற்காவது காசு கேட்டாலோ 104-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

காசு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், பரிசோதனை, சாப்பாடு, போக வர வண்டி எல்லாம் இலவசம், 2011-லிருந்து நாடு முழுக்க இதற்குத் திட்டம் இருக்கிறது. ஆண் பிள்ளை என்றால் இவ்வளவு, பெண் பிள்ளை என்றால் இவ்வளவு என்று வாசலில் கை நீட்டுபவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை. அது வழக்கம்தானே என்று சொல்லிக் குடும்பத்தில் யாராவது நூறு இருநூறு கொடுக்கப் போவார்கள், தடுங்கள், உங்களுக்குப் பின்னால் வருகிற கையில் காசில்லாதவளுக்கு அது சுமையாகும்.

இப்போது உங்கள் 8.6. உங்கள் கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்த எண் அது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும், 10-க்குக் கீழே போனால் நடுத்தர ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் ஆபத்து. இது உங்கள் ஒருத்தியின் குறை இல்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை, தமிழ்நாட்டிலும் பாதியை நெருங்கி. சின்ன வயதிலிருந்து கடைசியில் சாப்பிட்டு, மிச்சம் மீதி சாப்பிட்டு வளர்ந்த உடம்புகளின் கணக்கு அது, எல்லார் எதிரிலும் ஒருத்தியைத் திட்டித் தீர்க்கிற விஷயம் இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிரசவம் நெருங்கும் தறுவாயில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கர்ப்பப்பை இறுகச் சுருங்கி அந்தக் குழாய்களை அடைக்க வேண்டும். அடைக்கவில்லை என்றால் எவ்வளவு சீக்கிரம் ஆள் வெளுத்துவிடுவாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 11, 12 இருக்கிற பெண் அரை லிட்டர், முக்கால் லிட்டர் போனாலும் தாங்குவாள், அதற்குள் நாங்கள் ஊசி போட்டு, பிசைந்து, ரத்தம் ஏற்றி நிறுத்திவிடுவோம். 7, 8 இருக்கிற பெண்ணுக்குக் கையிருப்பே இல்லை, எங்களுக்கும் நேரம் கிடைக்காது.

மாத்திரையை நீங்கள் ஒழுங்காகப் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், நிறையப் பேர் போடுவதில்லை. குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல், குழந்தை கறுத்துவிடும் என்று பக்கத்து வீட்டில் ஒருத்தர் சொன்னது, இப்படி ஏதோ ஒன்று. குழந்தை நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. மலம் கறுப்பாகப் போவது சகஜம். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். டீ, காபி, பாலோடு போடக் கூடாது, அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக உடம்பில் சேரும். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்காதீர்கள், ஒன்று மதியம் என்றால் இன்னொன்று ராத்திரி. உங்கள் அளவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை தேவைப்படும், ஒன்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்றால் நர்ஸிடம் கேளுங்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்றும் கேளுங்கள், மூன்று மாதம் கடந்த பிறகு ஒரு தடவை கொடுப்பார்கள்.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, நெத்திலி, வாரம் ஒரு நாள் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்), எல்லாம் சாப்பிடுங்கள், உங்கள் பகுதியில் கிடைக்காததா. ஆனால் 8.6-ஐ அடுப்படியில் மட்டும் ஏற்ற முடியாது, உங்களுக்கு நேரம் குறைவு. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 1 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் இரும்புச்சத்தை நரம்பு வழியாக டிரிப்ஸில் ஏற்றுவார்கள், அரசு ஆஸ்பத்திரியில் அதுவும் இலவசம், பயப்பட எதுவும் இல்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் அதையே நேராகச் சொல்லி டிரிப்ஸ் கேளுங்கள், போட்டேன் என்று பொய் சொல்லாதீர்கள், எங்களுக்கு அப்புறம் வேறு எதையோ தேட வேண்டிவரும்.

பிரஷரும் அப்படித்தான். போகும் ஒவ்வொரு தடவையும் கையில் பட்டை கட்டினார்களா, எவ்வளவு என்று அட்டையில் எழுதினார்களா என்று நீங்களே பாருங்கள். கூட்டத்தில் விட்டுப்போயிருந்தால் எழுந்து வராதீர்கள், பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். 140/90-ஐத் தொட்டால் அடுத்த மாதம் வரை காத்திருக்கக் கூடாது. இனி வரும் மாதங்களில் விடாத தலைவலி, கண் மங்கல், கண்முன் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள், ராத்திரி என்றாலும். பெற்ற பிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம். குழந்தை வந்த சந்தோஷத்தில் தாயை மறந்துவிடுகிற நாட்கள் அவை, அதனால்தான் சொல்லி வைக்கிறேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கிற ஐந்தாம் மாத ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எழுதிக் கொடுத்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள், கொடுக்கவில்லை என்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள். சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பார்க்கிற பரிசோதனை ஆறாம், ஏழாம் மாதத்தில் இன்னொரு தடவை வரும், அதையும் விடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மையங்களில் கர்ப்பிணிகளைச் சிறப்பு மருத்துவர் பார்க்கும் நாள், ரத்தம் குறைவாக இருக்கிற நீங்கள் அன்று போவது நல்லது.

அரை நாள் சம்பளம் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். கம்பெனியில் உங்களுக்கு இஎஸ்ஐ பிடிக்கிறார்களா? சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்தால் அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி உங்களுக்கு உரியது, அதைவிட முக்கியம், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கிடைக்கும். சூப்பர்வைசர் வாய்மொழியாக எதையாவது சொல்லி உங்களை வேலையை விட்டு நிற்கச் சொன்னால் நிற்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள், அந்த ஒரு கையெழுத்தில் ஆறு மாதச் சம்பளம் போய்விடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கும் மகப்பேறு உதவித் திட்டமும் இருக்கிறது, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பு. உங்கள் 12 இலக்கக் கர்ப்பப் பதிவு எண் இருக்கிறதா, வங்கிக் கணக்கு சேர்ந்திருக்கிறதா என்று ஏரியா நர்ஸிடம் கேளுங்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். பெட்டகத்தில் வருகிற பேரீச்சையும் நெய்யும் சத்துமாவும் உங்களுக்கு, வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைக்காதீர்கள்.

தனியாரில்தான் போகவேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தால், அந்த நர்சிங் ஹோமில் போய் அவரையே கேட்கச் சொல்லுங்கள். ராத்திரியில் பிரசவ டாக்டர் உள்ளேயே இருப்பாரா, போன் செய்து வர வேண்டுமா? மயக்க மருந்து டாக்டர்? ரத்தம் எங்கிருந்து வரும், எவ்வளவு நேரத்தில்? குழந்தைக்கு மூச்சு சரியில்லை என்றால் எங்கே அனுப்புவீர்கள்? நல்ல ஆஸ்பத்திரி கோபப்படாமல் பதில் சொல்லும், அப்படிப்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. இன்னொன்று, 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தனியாரில் நடந்த பிரசவங்களில் 100-க்கு 64 ஆபரேஷன், அரசில் 36. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் ஆப்பிரிக்க நாடுகளில் 5 தான், அங்கே ஆபரேஷன் கிடைக்காமல் சாகிறார்கள். இங்கே தேவையில்லாமல் அறுபட்டு, அடுத்த கர்ப்பத்துக்கும் சேர்த்து ஆபத்தைச் சுமக்கிறார்கள். இரண்டும் ஏற்றத்தாழ்வின் கேடுதான்.

இனி பிரசவ நாள். கார்த்திகை என்றால் அடைமழைக் காலம், வீட்டுக்காரர் லாரியில் இருப்பார், இந்த இரண்டையும் இப்போதே யோசித்து வைக்க வேண்டும். தாய்மார் சாவை விசாரிக்கும்போது திரும்பத் திரும்பத் தென்படுவது மூன்று தாமதங்கள்: வீட்டில் முடிவெடுக்க, ஆஸ்பத்திரி போய்ச் சேர, சேர்ந்த பிறகு வைத்தியம் கிடைக்க. முதல் தாமதம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, யாரைக் கேட்டுக் கிளம்புவீர்கள்? யாரையும் கேட்கத் தேவையில்லை, நானும் மாமியாரும் கிளம்பிவிடுவோம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து இப்போதே பேசி முடித்துவிடுங்கள். விடியட்டும் என்ற சொல் அன்றைக்கு வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

வழியும் அப்படித்தான். 108 முதல் வழி, கூடவே தெருவில் ராத்திரி எழுப்பினால் வருகிற ஒரு ஆட்டோக்காரர் நம்பர் மாமியார் போனிலும் இருக்கட்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் போகாத வழி, மழையில் சுரங்கப்பாதை நிரம்பினால் சுற்றிப் போகிற வழி, இரண்டும் லாரி ஓட்டுகிற உங்கள் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும், அதை அந்த ஆட்டோக்காரரிடம் ஒரு தடவை சொல்லி வைக்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒன்பதாம் மாதம் பிறந்ததும் ஏரியா நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் தெருவுக்கு வந்த பிறகு யோசிக்காதீர்கள்.

மூன்றாவது தாமதத்தில் உங்களால் செய்ய முடிந்தது குறைவு, ஆனால் இருக்கிறது. ரத்தம் குறைவாக இருப்பதால் ஏழாம் மாதத்திலிருந்தே ராயபுரத்தில் பெயர் பதிந்து அங்கேயும் ஒரு தடவை காட்டிவிடுங்கள், புது ஆளாக ராத்திரியில் போய் நிற்பதும் அவர்கள் எழுதிய அட்டையோடு போய் நிற்பதும் ஒன்றில்லை. கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி மாத்திரையும் மாதாமாதப் பரிசோதனையும் தொடரட்டும். பிரசவ அறையில் உடனிருப்பவர் என்று ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அம்மாவோ மாமியாரோ, யார் அருகில் இருந்தால் உங்களுக்குத் தைரியமோ அவரை நீங்கள் தேர்ந்தெடுங்கள், மற்றவர் வருத்தப்படுவார் என்று பார்க்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை. 1 லட்சம் புரட்ட நினைத்தவர் நல்ல மனிதர்தான், மனைவிக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று துடிக்கிறார். அந்தத் துடிப்பை வட்டிக்காரரிடம் கொண்டுபோக வேண்டாம். பரிசோதனை நாட்களில் ஒரு நாளாவது உங்களோடு வந்து அந்த வரிசையில் உட்காரட்டும், உங்கள் அட்டையில் இருக்கிற எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். ஹார்பரில் கூட ஓட்டுகிற நண்பர்களில் யார் யார் ரத்தம் கொடுக்கத் தயார் என்று கேட்டு, ஐப்பசியிலேயே இரண்டு மூன்று பேர் போய் ரத்த வங்கியில் கொடுத்துவிட்டு வரட்டும்.

அடுத்த ரத்தப் பரிசோதனை வந்ததும் எனக்கு எழுதுங்கள். 9.5-க்குக் கீழே இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அந்த டிரிப்ஸைப் பற்றிக் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஸ்கேன் மட்டும் நாளைக்கே.